கெண்டைப் பித்தம்

வீரம்மாவின் கைக்கு ஒரு பெயர் இருந்தது. மலாய் நாட்டில், சுங்காய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முனியாண்டிக்குக் கிடா வெட்டினால், வெட்டுகிறவன் எவனாக இருந்தாலும் சரி, வயிற்றைக் கிழிக்க அவள்தான் வர வேண்டும். ஈரலுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பச்சைப் பையை உடையாமல் எடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. நகம் பட்டால் போதும், பித்தம் வழிந்து கறி மொத்தமும் கசந்து தொலைக்கும். வீரம்மா ரெண்டு விரலை உள்ளே விட்டு, யாரோடோ வம்பு பேசிக்கொண்டே, பூப் பறிக்கிற மாதிரி அதை எடுத்து வெளியே வைப்பாள்.

கிடா வெட்டியவனுக்கு அந்தப் பைதான் மரியாதை. பச்சையாக வாயில் போட்டு விழுங்குவான். ஊரிலிருந்து கப்பலேறி வந்த வழக்கம் அது. கண்ணுக்கு நல்லது என்பார்கள், காய்ச்சல் அண்டாது என்பார்கள். விழுங்கினவன் ஒருத்தனும் செத்ததில்லை. முகத்தைச் சுளித்து ஒரு ஏப்பம் விட்டுவிட்டுக் கள்ளுக்குப் போய்விடுவான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் அவளை முட்டாள் என்று யாரும் வாய் கூசாமல் ஏசிவிடக் கூடாது.

இருபத்தொன்றாம் வருஷ வாக்கில் ரப்பர் விலை விழுந்தது. துரை பாதிப் பேரைப் போகச் சொல்லிவிட்டார். வீரம்மாவும் அவள் புருஷன் மாயாண்டியும், மாயாண்டியின் தம்பி ஐயாவும் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஈப்போவுக்கு வந்தார்கள். ஐயாவு கப்பலேறும்போது மூக்கொழுகிக்கொண்டிருந்த பொடியன். அவனுக்குச் சோறூட்டி, பேன் பார்த்து, வாந்தியைத் துடைத்து வளர்த்தவள் வீரம்மாதான். அவளுக்குப் பிறந்த பிள்ளை ஒன்றும் தங்கவில்லை. அதனால் கொழுந்தன் என்று பேர்தானே ஒழிய, பிள்ளையாகவே ஆகிவிட்டான்.

மாயாண்டிக்கு லம்பத்தில், ஈயம் தோண்டுகிற சுரங்கத்தில், மண் சுமக்கிற வேலை கிடைத்தது. ஐயாவு மாட்டு வண்டி ஓட்டினான். ஈயம் எடுத்து முடித்துக் கைவிட்ட ஒரு லம்பக் குட்டையில் ஒரு சீன முதலாளி, தவுக்கே என்பார்கள், மீன் வளர்த்தார். சீனாவிலிருந்து குஞ்சாகக் கொண்டுவந்து, புல்லை வெட்டிப் போட்டு வளர்க்கிற கெண்டை. ஒவ்வொன்றும் கைக்குழந்தை கனம் இருக்கும். அதை அறுத்துக் கழுவிப் பாசாருக்கு அனுப்புகிற இடத்தில் வீரம்மா சேர்ந்தாள். ஆட்டில் பழகிய கை மீனில் தடுமாறுமா? பித்தப்பையை அவள் எடுக்கிற அழகைப் பார்த்துத் தவுக்கேயின் வீட்டம்மாவே பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். ரெண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது கொஞ்சம் உடைசல் மலாய். அதை வைத்துக்கொண்டே நாள் முழுக்கப் பேசினார்கள்.

மாயாண்டி தின்னத் தெரிந்த ஆள். கொழுப்பு ஒட்டிய கறியாகப் பார்த்து வாங்குவான். ஒருநாள் அப்படித் தின்றுவிட்டுப் படுத்தவனுக்கு வலது விலாவுக்குக் கீழே ஒரு வலி கிளம்பியது. யாரோ உள்ளே கையை விட்டுத் திருகுகிறார்கள் என்று அலறினான். அதன்பிறகு அது அடிக்கடி வந்தது. ஒருமுறை கண்வெள்ளை மஞ்சளித்துவிட்டது. ஐயாவு வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

அங்கே டாக்டருக்கு அடுத்தபடியாக வைத்தியம் பார்க்கிற டிரஸர் கார்த்திகேசு இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், சிடுமூஞ்சி, ஆனால் கேட்டால் சொல்லித் தருவார். மாயாண்டியின் பித்தப்பையில் கல் இருக்கிறது என்றார் அவர். அலமாரியிலிருந்து ஒரு சீசாவை எடுத்து, வேறு யாருக்கோ அறுத்து எடுத்த கல்லைக் காட்டினார். அதில் ஒரு துணுக்கை நெருப்பில் காட்டினார். கல் மெழுகுவர்த்தி போல எரிந்தது. ஐயாவு பயந்து ரெண்டடி பின்னால் போனான்.

பேர்தான் கல், அத்தனையும் கொழுப்பு என்றார் டிரஸர். எண்ணெய் தேய்த்த தலைக்குச் சீயக்காய் எப்படியோ, அப்படித்தான் உடம்புக்குப் பித்தம். ஈரல் அதைச் சுரந்து பையில் வைக்கிறது. தின்ற கொழுப்பை அது கரைத்துக் கழுவுகிறது. பித்தத்தால் கரைக்க முடிகிற அளவுக்கு மேல் கொழுப்பு சேர்ந்தால் அது பைக்குள்ளேயே உறைந்து கல்லாகும். கல் வழியை அடைத்தால் பித்தம் திரும்பி ரத்தத்தில் ஏறும், கண் மஞ்சளாகும். வயிற்றைக் கிழித்துப் பையை எடுத்துவிடுவதுதான் வழி என்று பெரிய டாக்டர் சொல்கிறார் என்றார்.

வலியிலும் மாயாண்டிக்கு வாய் அடங்கவில்லை. “கிழிக்கிறதுக்கு நான் என்ன முனியாண்டிக்கு நேந்து விட்ட கிடாவா?” என்று கேட்டுவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

வீரம்மா இதைத் தவுக்கேயின் வீட்டம்மாவிடம் சொல்லி அழுதாள். அந்த அம்மாள் எழுந்து உள்ளே போய், பட்டுத் துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்தாள். காய்ந்து கறுத்துச் சுருங்கிப்போன ஒரு பை. கரடிப் பித்தம் என்றாள். ஒரு அரிசி அளவு சுரண்டி, வெந்நீரில் கரைத்துக் கொடுக்கச் சொன்னாள். நல்ல மனசு, வேறென்ன. அன்றைக்கு மட்டும் இல்லை, சில மாதங்கள் விடாமல் சுரண்டிச் சுரண்டிக் கொடுத்தாள்.

மாயாண்டி கசப்பைத் திட்டிக்கொண்டே குடித்தான். கண் வெளுத்தது. வலி வருவது குறைந்தது, பிறகு நின்றே போனது. கரடிதான் கரைத்ததா, கல் தானாக நழுவிப் போனதா, யாருக்குத் தெரியும். கூலி லயத்துச் சனம் மட்டும் பித்தம் பித்தம் என்று மெய்ம்மறந்து பேசியது. ஐயாவு ஊர் ஊராக வண்டி ஓட்டுகிறவன் ஆயிற்றே. சிலிம் ரிவர் வரைக்கும் அந்தக் கதையை ஏற்றிக்கொண்டு போனான்.

தீபாவளி வந்தது. பக்கத்து லயத்தில் கிடா வெட்டினார்கள். மாயாண்டி ஆசை தீரத் தின்றான். மறுநாள் காலையில் வயிறு உப்புசமாக இருக்கிறது, நெஞ்சைக் கரிக்கிறது என்றான். அவ்வளவுதான். திருகவில்லை, அலறவில்லை. ஆனால் கல் திரும்ப வந்துவிட்டது என்றே வீரம்மா முடிவு கட்டினாள். வீட்டம்மாவிடம் ஓடினாள். வீடு பூட்டிக் கிடந்தது. பினாங்கில் கல்யாணம், குடும்பத்தோடு போயிருக்கிறார்கள் என்று காவல்காரன் சொன்னான். ஐயாவும் வண்டியோடு சுங்காய்க்குப் போயிருந்தான்.

அன்றைக்கும் குட்டையில் மீன் பிடித்தார்கள். குட்டையிலேயே பெரிய கெண்டை ஒன்று மாட்டியது. வீரம்மா அதை அறுத்தாள். பித்தப்பை கட்டைவிரல் பருமன் இருந்தது, கரும்பச்சையாக, பளபளவென்று. அவள் அதை எறியவில்லை. வாழையிலைக் கிழிசலில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆட்டுப் பித்தத்தைப் பச்சையாக விழுங்கியவர்களைத் தன் கண்ணால் பார்த்திருக்கிறாள். கரடிப் பித்தம் புருஷனை எழுப்பி உட்கார வைத்ததையும் பார்த்திருக்கிறாள். எல்லாம் பச்சை, எல்லாம் கசப்பு, எல்லாம் ஈரலடியில் தொங்குகிற பைதான். காய்ந்துபோன துணுக்குக்கே அத்தனை குணம் என்றால், உயிர்ச்சூடு ஆறாத முழுப் பைக்கு எவ்வளவு இருக்கும்? நீங்களும் நானும் அந்த இடத்தில் இருந்திருந்தால் வேறு என்ன யோசித்திருப்போம்?

முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள். வெல்லத்துண்டோடு சேர்த்துக் கொடுத்தாள். கரடி போய் இப்போது மீனா, அடுத்தது யானையா என்று மாயாண்டி கேலி பண்ணினான். பண்ணிவிட்டு விழுங்கினான். அவள் அவன் வாயை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

மத்தியானத்துக்குள் வாந்தி தொடங்கியது. பிறகு வயிற்றுப்போக்கு. கெட்டதெல்லாம் வெளியே போகிறது என்று அவள் முதலில் தேற்றிக்கொண்டாள். அடுத்த நாள் வாந்தி நின்றது, அதோடு மூத்திரமும் நின்றது. முகம் வீங்கியது. கண் மறுபடி மஞ்சளானது. ஐயாவு திரும்பி வந்து பார்த்துவிட்டு மாட்டை அவிழ்க்காமலே அண்ணனை வண்டியில் தூக்கிப் போட்டான்.

கார்த்திகேசு டிரஸர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். வீரம்மாவின் பக்கம் திரும்பினார்.

“வீட்டில என்ன குடுத்தனீங்கள்?”

ஐயாவு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“ஒண்ணும் குடுக்கல” என்றாள் வீரம்மா.

மாயாண்டி கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான்.

ஐயாவு வெளியே போன சமயத்தில்தான் அவன் பேசினான். அவனுக்குப் புரிந்திருந்தது. விழுங்கின நேரத்திலிருந்தே உள்ளே எரிகிறது என்றால் யாருக்குத்தான் புரியாது. “தம்பிகிட்ட சொல்லாத, புள்ள. அவன் முரடன். ஒன்னைய விட்டுட்டுப் போயிருவான். அப்புறம் ஒனக்கு யாரு இருக்கா?” என்றான். வாக்குக் கொடுக்கச் சொல்லிக் கையை நீட்டினான். மீன் வாடை போகாத கையை அவன் கையில் வைத்தாள். அதற்குப் பிறகு அவன் பேசின பேச்சு எதுவும் தெளிவாக இல்லை. அந்த வாரம் முடியும் முன் செத்துப்போனான்.

என்ன நோய் என்று பெரிய டாக்டருக்கே விளங்கவில்லை. அறுத்துப் பார்த்தார்கள். பிணத்தை வாங்கப் போன வீரம்மாவிடம் கார்த்திகேசு தாழ்ந்த குரலில் சொன்னார். பித்தப்பையில் கல்லே இல்லையாம். ஒரு மணல் கூட இல்லையாம். ஈரலும் குண்டிக்காயும்தான் அவிந்துபோய்க் கிடந்தனவாம், ஏதோ காரத்தைக் குடித்தது போல. மறுபடியும் கேட்கப்போகிறவர் மாதிரி அவள் முகத்தையே பார்த்தார். அவள் பிணத்தை மூடியிருந்த துணியின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

கல் இல்லை. அப்படியென்றால் அன்று காலை அவனுக்கு இருந்தது வெறும் தீபாவளி அஜீரணம். ஒரு வாய் சுக்குத் தண்ணி போதும்.

அவள் அழவில்லை. சுடுகாட்டுக்குத் தூக்கியபோதும் அழவில்லை, தாலி கழற்றியபோதும் அழவில்லை. பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். அவள் நடுவில் கல்லாட்டம் உட்கார்ந்திருந்தாள். அழுத்தக்காரி என்றார்கள் சிலர். பாவம், பித்துப் பிடித்துவிட்டது என்றார்கள் சிலர். காரியம் முடிந்ததும் குட்டைக்கு வேலைக்குப் போனாள்.

அதன்பிறகு வருஷங்கள் போயின. அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காலையில் எழுந்தாள், சோறு பொங்கினாள், மீன் அறுத்தாள். கை பழைய மாதிரியே வேலை செய்தது, அதுதான் வேடிக்கை. பை உடையாமல் வந்தது. ஒவ்வொரு பையையும் கரையில் குழி தோண்டிப் புதைத்தாள். ஏன் இப்படி மெனக்கெடுகிறாய் என்று கூட இருந்தவர்கள் கேட்டார்கள். பூனை தின்றுவிடும் என்று பதில் சொன்னாள். ஒருநாள் கத்தி உள்ளங்கையில் ஆழமாக இறங்கியது. ரத்தம் மீனில் சொட்டுவதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று ஐயாவு சொல்லித்தான் தெரிந்துகொள்வாள். துக்கம் என்றால் கூட ஒரு கணக்கில் சேரும், இது அதுவும் இல்லை.

ஐயாவு அவளை விட்டுப் போகவில்லை. மதினி மதினி என்று முன்னைவிட அதிகமாகப் பார்த்துக்கொண்டான். கல்யாணம் பேச வந்தவர்களிடம், எங்க மதினிக்கு ஒரு வாய் சோறு முகங்கோணாமல் போடுகிறவளாக இருக்க வேண்டும் என்றான். அவனுடைய கோபமெல்லாம் தவுக்கே வீட்டம்மாவின் மேல்தான். அந்தச் சீனத்தி பினாங்குக்குப் போகாமல் இருந்திருந்தால், கரடிப் பித்தம் கையில் இருந்திருந்தால், அண்ணன் பிழைத்திருப்பான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னான். வீட்டம்மா வழியில் எதிர்ப்பட்டால் காறித் துப்பினான். அந்த அம்மாளுக்கு ஏன் என்றே தெரியாது. வீரம்மா ஒவ்வொரு தடவையும் அதைக் கேட்டாள். சொன்னால் இவன் போய்விடுவான். வாக்கும் கொடுத்தாகிவிட்டது.

இருபத்தாறாம் வருஷம் பெருமழைக்கு முன்னால் ஐயாவுக்கு வலி வந்தது. வலது விலாவுக்குக் கீழே, அண்ணனுக்கு வந்த அதே இடத்தில். ரெண்டு நாள் அவளிடம் சொல்லாமல் மறைத்தான். அவள் பதறுவாளாம்.

அன்று வேலையிலிருந்து சற்று முன்னதாகவே திரும்பியவள், அவன் அடுப்படியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். முகம் வேர்த்திருந்தது. கண்ணில் லேசாக மஞ்சள். எதிரே ஒரு தகரக் குவளை, பக்கத்தில் வெல்லம். உள்ளங்கையில் கரும்பச்சையாக ஒரு பை. குட்டையில் வலை இழுக்கிற ஆளிடம் கேட்டு வாங்கியிருக்கிறான்.

“பயப்படாத லா, மதினி. அண்ணனுக்கு வந்ததுதான். கரடிப் பித்தத்துக்கு நான் எங்க போவேன்? எல்லாம் பித்தந்தானே” என்று சிரித்தான். கையை வாய்க்குக் கொண்டுபோனான்.

வீரம்மா பாய்ந்து தட்டிவிட்டிருக்கலாம். தோன்றவில்லை. வாசற்படியில் நின்றபடி, கடையில் அரிசி இல்லை என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

“அதக் குடுத்துத்தான் ஒங்க அண்ணன நான் கொன்னேன்.”

அவன் கை பாதியில் நின்றது.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தீபாவளிக் கறி, பூட்டிக் கிடந்த வீடு, வாழையிலை, வெல்லம், டிரஸர் கேட்டது, தான் சொன்ன பொய். கல்லே இல்லை என்று அறுத்துப் பார்த்துச் சொன்னதையும் சொன்னாள். எதையும் விடவில்லை, எதையும் கூட்டவும் இல்லை. சீனத்தி மேல் ஒரு தப்பும் கிடையாது, அவளைப் பார்த்து இனித் துப்பாதே என்றாள்.

ஐயாவு உள்ளங்கையிலிருந்த பையையே பார்த்தான். அப்புறம் கேட்டான். “அண்ணனுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“என்ன சொன்னுச்சு?”

“ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு கையடிச்சுச் சத்தியம் வாங்குச்சு. நீ என்னைய விட்டுட்டுப் போயிருவியாம்.”

அவன் அந்தப் பையை அடுப்பு நெருப்பில் போட்டான். அது பொரிந்து நாறியது. எழுந்து போய் மாட்டைப் பூட்டினான். வீரம்மா வண்டியின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்தாள். இறங்கு என்று அவன் சொல்லவில்லை. உட்கார் என்றும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வரைக்கும் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே போனாள். வலி வந்தபோதெல்லாம் அந்த முதுகு வளைந்தது. பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினாள், பிறகு மடியிலேயே வைத்துக்கொண்டாள். இத்தோடு இவனும் போனான் என்று நினைத்தாள். அந்த நினைப்பும் மரத்த பல்லில் நாக்குப் படுவது போலத்தான் இருந்தது.

கார்த்திகேசு டிரஸருக்கு மீசை நரைத்திருந்தது. அவளை அடையாளம் தெரிந்துகொண்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் வீரம்மா, அன்றைக்கு நான் பொய் சொன்னேன் ஐயா என்று தொடங்கி, கெண்டைப் பித்தத்தைச் சொல்லி முடித்துவிட்டாள். ஏசுவார் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

அவர் ஏசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சீயாக்காயும் கழுவும், சவுக்காரமும் கழுவும், பிள்ளை. காரத்தைக் கூடப் போட்ட சவுக்காரம் தோலையும் சேர்த்து உரிச்சுப்போடும். பித்தமும் அப்பிடித்தான். கரடியின்ர வேற, ஆட்டின்ர வேற. அந்த மீனின்ர பித்தம் ஈரலையே தின்னும். அண்டைக்குச் சொல்லியிருந்தாலும் எங்களிட்ட மருந்து இருக்கேல்லை” என்றார். கடைசியாகச் சொன்னது உண்மையோ, அவளுக்காகச் சொன்னதோ, அவருக்குத்தான் வெளிச்சம்.

பிறகு ஐயாவைப் படுக்கவைத்து விலாவுக்குக் கீழே அமுக்கினார். கல்தான், இந்தத் தடவையாவது டாக்டர் சொல்கிறபடி அறுத்துக்கொள்ள வேண்டும் என்றார். ஐயாவு தலையாட்டினான். எந்த நோயாளியிடமும் கேட்கிற கேள்வியை டிரஸர் அவனிடமும் கேட்டார்.

“வீட்டில என்ன குடிச்சனீர்?”

வீரம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணும் குடிக்கல ஐயா” என்றான் ஐயாவு. “எங்க மதினி குடிக்க விடல.”

அவள் வெராந்தாவுக்கு வந்தாள். தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பழைய கத்திக்காயம் இருந்த உள்ளங்கை திடீரென்று வலித்தது. அதை நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, போகிற வருகிற சனம் நின்று பார்க்கும்படி, மாயாண்டிக்காக வாய்விட்டு அழுதாள்.